புறவாசலில் ஒரு தையல் அறை: ஏழு வருடம் கழித்து

2017 நவம்பர் 30 ஒக்கி புயலில் எங்கள் வீட்டுப் புறவாசலில் நின்ற அயனி மரம் வேரோடு சாய்ந்தது. குமரி மாவட்டத்தில் தக்கலை பக்கம் அன்றைக்கு மரம் விழாத பறம்பே கிடையாது. கரண்ட் வரப் பல நாள் ஆனது. அயனி வீட்டின் மேல் விழாமல் மதில் பக்கம் போனது எங்கள் நல்ல காலம். மரத்தை அறுத்து அப்புறப்படுத்தியபோது பின்னால் இவ்வளவு இடம் இருக்கிறதா என்று தோன்றியது. மனைவி அதுவரை முன்னறையில் ஒரு மூலையில் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு, ஆள் வரும்போதெல்லாம் துணியைச் சுருட்டி எடுத்துக்கொண்டிருந்தாள். அந்த இடத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு அறை கட்டினோம். 2018 ஜனவரியில் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டி, ஏப்ரலில் பால் காய்ச்சினோம். மொத்தச் செலவு 2,38,000 ரூபாய். சாமான் நாங்கள் இறக்கினோம், வேலை நாள் சம்பளத்துக்கு.

இதுபோலக் கட்ட நினைக்கிறவர்கள் அடிக்கடி வந்து பார்த்துவிட்டு "நல்லா இருக்கே" என்கிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஏழு வருடம் உள்ளே உட்கார்ந்து வேலை செய்தவள் சொல்வதற்கும் வாசலில் நின்று பார்க்கிறவர் சொல்வதற்கும் வித்தியாசம் உண்டு. அவள் சொன்னதையும் நான் செய்த தப்புகளையும் சேர்த்து எழுதுகிறேன்.

சுவர் எலிப்பொறிக் கட்டு. செங்கல்லைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, இரண்டு வரிசைக்கு நடுவே மூன்று அங்குல வெற்றிடம் விட்டுக் கட்டுவது. சுவர் அதே ஒன்பது அங்குலம்தான். செங்கல் நாலில் ஒரு பங்கு மிச்சமாகும், நடுவில் அடைபட்ட காற்று வெயிலின் சூட்டை உள்ளே விடாது. இங்கிலாந்தில் இருந்த பழைய முறை இது. கேரளத்தில் இதைப் பரப்பியவர் லாரி பேக்கர். பர்மிங்காமில் 1917இல் பிறந்து, திருவனந்தபுரத்தில் 2007இல் இறந்தவர். தக்கலையில் பஸ் ஏறித் திருவனந்தபுரம் போனால் அவர் கட்டிய கட்டடங்களைப் பார்க்கலாம் என்பதால் எங்கள் மேஸ்திரியையும் ஒருநாள் கூட்டிக்கொண்டு போனேன். நாற்பது வருடம் கரண்டி பிடித்தவர், இந்தக் கட்டு மட்டும் கட்டியதில்லை. அங்கே உள்ளூர் என்கிற இடத்துப் பக்கம் பாதி கட்டி நின்ற ஒரு வீட்டில் சுவரை விரல் முட்டியால் தட்டித் தட்டிக் கேட்டார். "பொள்ளையா இருக்கு சாரே, ஆனா நிக்குது" என்றார். வரும் வழியில் தம்பானூர் இந்தியன் காஃபி ஹவுஸில் காப்பி குடித்தோம். சுருள் சுருளாக ஏறும் அந்தக் கட்டடத்தின் சுவரில் செங்கல் இடுக்கு வழியே விழும் வெளிச்சத்தைப் பார்த்து நான் மயங்கிவிட்டேன். அந்த மயக்கத்தின் விலையைப் பிறகு சொல்கிறேன்.

முதல் இரண்டு வரி கட்டி முடித்து, எட்டிப் பார்த்தால் வெற்றிடம் முழுக்கச் சாந்து விழுந்து அடைத்துக் கிடந்தது. பிரித்துவிட்டார். மறுநாள் மூன்று அங்குல அகலத்தில் ஒரு பலகைத் துண்டை ஆசாரியிடம் இழைத்து வாங்கி, வெற்றிடத்தின் மேல் வைத்துச் சாந்து பரப்பி, பலகையை எடுத்துவிட்டுக் கல்லை வைத்தார். அதன்பின் வேலை ஓடியது. மூலைகளும் நிலையை ஒட்டிய இடங்களும் அடிவரி மேல்வரியும் மட்டும் வெற்றிடம் இல்லாமல் கட்டியாக வரும். கிட்டத்தட்ட 3,000 கல்லில் சுவர் முடிந்தது. ஒன்று மட்டும் கவனம்: கல் ஒரே அளவாக, முனை உடையாமல் இருக்க வேண்டும். இரண்டாவது லோடில் வேகாத கல் கலந்து வந்தது. அவசரத்தில் நான் திருப்பி அனுப்பவில்லை. பூசாத சுவர் என்பதால் அந்தக் கல் எது எது என்று இன்றைக்கும் விரல் வைத்துக் காட்ட முடியும், மாவாக உதிர்கிறது.

மேலே ஓடு பதித்த கான்கிரீட். தளத்தின் அடிப்பகுதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பிதான், அங்கே கான்கிரீட் வெறும் பாரம். அந்த இடத்தில் பழைய மங்களூர் ஓட்டை இரண்டிரண்டாக முகத்தோடு முகம் சேர்த்து அடுக்கிவிட்டு, இடைவெளியில் கம்பி ஓட்டி, மேலே கான்கிரீட் போடுவார்கள். பக்கத்தில் இடித்த ஒரு வீட்டின் ஓடு மலிவாகக் கிடைத்தது. முந்தின நாளே ஊறப்போட்டோம், இல்லாவிட்டால் கலவையின் ஈரத்தை ஓடு குடித்துவிடும். கான்கிரீட் அன்று கையாட்கள் சட்டியோடு ஓட்டின் மேலேயே நடந்து பதினோரு ஓடு உடைந்தது. நடக்கப் பலகை போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். பாத்தி கட்டிப் பத்து நாள் தண்ணீர் நிறுத்தினோம். ஏழு வருடத்தில் மேலிருந்து ஒரு சொட்டு ஒழுகவில்லை. 2021 நவம்பரில் மாவட்டமே வெள்ளத்தில் கிடந்தபோதும் சரி. அண்ணாந்து பார்த்தால் ஓடு ஓடாகத் தெரியும், பூச்சு கிடையாது, வெள்ளை அடிக்கிற வேலையும் கிடையாது.

சூடு? இது உண்மையாகவே குறைவு. ஏப்ரல் மத்தியானத்தில் எங்கள் மாடி அறையிலும் இங்கேயும் ஒரே மாதிரி வெப்பமானி வைத்துப் பார்த்தேன், இங்கே இரண்டு மூன்று டிகிரி குறைவாக இருந்தது. பெரிதாகத் தோன்றாது. மின்விசிறியின் கீழ் நாலு மணி நேரம் குனிந்து தைக்கிறவளைக் கேட்டால் தெரியும்.

இனி தொந்தரவுகள்.

சுவரில் எதையும் மாட்ட முடியாது. நூல்கண்டு அடுக்க ஒரு ஷெல்ஃபை ஆணியடித்து மாட்டினேன். இரண்டே மாதத்தில் ஆணியோடு பிடுங்கிக்கொண்டு விழுந்தது. மூன்று அங்குலக் கல்லுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லையே. இப்போது தரையில் நிற்கும் இரும்பு ராக்தான். வயரிங் முதலில் சுகமாக இருந்தது, சுவரைக் கொத்தாமல் வெற்றிடத்துக்குள்ளேயே பைப்பை இறக்கிவிட்டோம். பிறகு ஓவர்லாக் மெஷின் வாங்கியபோது இன்னொரு பிளக் வேண்டியிருந்தது, சுவர் மேலேயே கேசிங் ஓட்ட வேண்டியதாயிற்று. இஸ்திரிப் பெட்டிக்கு, மெஷினுக்கு, எதிர்காலத்தில் வாங்கப்போகிற எதற்கும் கட்டும்போதே பாயிண்ட் விட்டுவிடுங்கள்.

காஃபி ஹவுஸ் மயக்கம். மேற்குச் சுவரில் ஜன்னலுக்குப் பதில், கல்லுக்குக் கல் இடுக்கு விட்டுக் கட்டும் செங்கல் ஜாலி வைத்தேன். வெளிச்சம் அழகு, போட்டோவுக்கு அதைவிட அழகு. எங்கள் ஊருக்கு இரண்டு மழைக்காலம். ஜூனில் தென்மேற்கு மழை சாய்ந்து அடித்தால் ஜாலி வழியே சாரல் நேராக வெட்டுமேசைக்கு வரும். யாரோ கல்யாணத்துக்குக் கொடுத்த பட்டு ஜாக்கெட் துணி நனைந்து கறை ஏறி, நாங்கள் புதுத் துணி வாங்கிக் கொடுத்தோம். மேற்கே இரண்டு அடி இறக்கி ஷேட் போட்டிருந்தால் பாதி தீர்ந்திருக்கும். மதில் நெருக்கம் என்று நான் ஒரு அடியாக வெட்டிவிட்டேன். அதோடு கொசு, சிலந்தி, ஒவ்வொரு ஓட்டையிலும் தூசி. வருடத்துக்கு இரண்டு முறை பெயின்ட் பிரஷ்ஷால் துடைக்கிறேன். உள்ளே கொசுவலைச் சட்டம், வெளியே சுருட்டுகிற தார்ப்பாய் என்று ஆகிவிட்டது. தார்ப்பாயை இறக்கினால் எந்த வெளிச்சத்துக்காக ஜாலி வைத்தேனோ அது போச்சு.

அதே மேற்குச் சுவர் இரண்டாவது மழையிலேயே பாசி பிடித்தது. 2020இல் தேய்த்துக் காயவிட்டு நீர் விலக்கும் சிலிக்கோன் பூச்சு அடித்தோம், 3,800 ரூபாய். நாலு வருடம் தாங்கியது, இப்போது மறுபடி பச்சை தட்டுகிறது.

கதவு, விழுந்த அயனியிலேயே செய்தது. அந்த மரம் வீட்டை விட்டுப் போகக் கூடாது என்று எனக்கு ஒரு பிடிவாதம். ஆசாரி ஒரு வருடமாவது காயட்டும் என்றார். மூன்றே மாதத்தில் செய்ய வைத்தேன். காய்ந்து சுருங்கி, இப்போது கதவைச் சாத்தினாலும் பல்லி தாராளமாக உள்ளே வரும். மரத்தைக் குறை சொல்ல மாட்டேன்.

தரைக்கு வருகிறேன். சிவப்பு ஆக்சைடு தரை, எங்கள் அம்மா வீட்டில் இருந்ததுபோல. வயதான ஒரு கொத்தனார் வந்து தேய்த்துத் தேய்த்து முகம் பார்க்கும்படி ஆக்கிக் கொடுத்தார். தையல் அறைக்கு இதைவிட நல்ல தரை இருக்க முடியாது. கீழே விழுந்த குண்டூசி பளிச்சென்று தெரியும்.

ஆனால் அந்தத் தரைக்குக் கீழே அயனியின் அடிமரம் இருந்தது. வானம் தோண்டும்போதே மேஸ்திரி சொன்னார்: "சாரே, வேரு மண்ணுக்குள்ள கெடந்தா பொறவு செதல் வரும். மொத்தத்தையும் எடுத்துருவோம்." எங்கள் ஒழுங்கைக்குள் ஜேசிபி வராது, ஆள் வைத்து எடுத்தால் ஒரு வாரம். குழி அறையின் நடுவில்தானே, சுவருக்குக் கீழே இல்லையே என்று வாதாடினேன். சுவர் ஓடும் இடத்து வேரை மட்டும் நாலடி ஆழம் வரை வெட்டி எடுத்துக் கருங்கல் போட்டோம். மிச்சத்தின் மேல் மண்ணைத் தள்ளி, ஒரு நாள் தண்ணீர் விட்டு, திமிசு போட்டோம். கரையான் மருந்து? கட்டும்போதே மண்ணில் சதுர மீட்டருக்கு 5 லிட்டர் கலவை ஊற்றுவது முறை. இவ்வளவு சின்ன அறைக்கு எதற்கு என்று விட்டேன்.

2020 மழை கழிந்ததும் தரையில் மெல்லிய கீறல். வேர் மக்க மக்க மண் அமர்ந்திருக்கிறது. அடுத்த வருடம் வெட்டுமேசையின் கால் பொத்தென்று உள்ளே போனது, தட்டினால் மண். கரையான் அந்தக் கீறல் வழியே ஏறி, மேசைக் காலை உள்ளேயே தின்றுவிட்டு, மேல் தோலை மட்டும் விட்டு வைத்திருந்தது. துணிக்கட்டு இரண்டும் போயிற்று. சுவரோரம் அடிக்கொரு துளை போட்டு இமிடாகுளோபிரிட் மருந்து இறக்கினார்கள். அழகான தரையில் துளை துளையாக, பிறகு சிமெண்ட் வைத்து அடைத்த புள்ளிகள். சிவப்பு எவ்வளவு கலந்தும் பழைய நிறம் வரவில்லை. மருந்துக்கு 4,500, தரைக்கு 6,000. அடிமரத்தை எடுக்க ஆள்கூலி இதைவிடக் குறைவாகத்தான் வந்திருக்கும்.

தினமும் சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் தூக்குக்குண்டு பிடித்துச் சுவரைப் பார்த்தவன் நான். ஒரு நூல் சாய்வு இருந்தாலும் மேஸ்திரியை விட மாட்டேன். அவரும் முகம் சுளிக்காமல் பிரித்துக் கட்டுவார்.

இப்போது அவருக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை, மகன்தான் வேலைக்குப் போகிறான். பக்கத்தில் இன்னொரு ஆறடி இழுத்துக் கட்ட முடியுமா என்று கேட்கப் போன மாதம் அவனைக் கூப்பிட்டிருந்தேன். சுவரை அவன் பார்க்கவே இல்லை. குனிந்து விரல் முட்டியால் தரையைத் தட்டிக்கொண்டே கீறல் வரை போனான்.

"அப்பா அப்பமே சொன்னாராமே சாரே?"

"சொன்னாரு" என்றேன்.