நான்கு சிஎம்4, ஒரு பேக்பிளேன்: கானாடுகாத்தான் வீட்டில் மூன்று வருடம்

கானாடுகாத்தானில் ஒரு பழைய நகரத்தார் வீடு. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போன காலத்துப் பேரேடுகளையும் கடிதங்களையும் ஸ்கேன் செய்து வைக்க வேண்டும் என்று குடும்பத்தார் முடிவெடுத்தபோது, சர்வர் வைக்கும் வேலை எனக்கு வந்தது. நான் இருப்பது காரைக்குடியில். வாரத்துக்கு ஒரு நாள்தான் அங்கே போக முடியும்.

வீட்டு ஆச்சி ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "சத்தம் மட்டும் வரக்கூடாது தம்பி, பக்கத்து அறையிலதான் நான் படுக்கிறேன்." டவர் சர்வர் அப்போதே கழிந்தது. ராஸ்பெர்ரி பை சிஎம்4 என்பது செருகிப் பயன்படுத்தும் ஒரு குட்டிக் கணினி மாட்யூல். அப்படி நான்கைச் செருகும் மினி ஐடிஎக்ஸ் (சிறிய மதர்போர்டு அளவு) பலகை ஒன்றை வாங்கினேன்; தலைப்பில் பேக்பிளேன் என்றது இதைத்தான். பலகையிலேயே ஒரு கிகாபிட் ஸ்விட்ச் சில்லு உண்டு. நான்கு மாட்யூலும் அதன் வழியாகத்தான் பேசிக்கொள்ளும். வெளியே இரண்டு நெட்வொர்க் போர்ட். இவை எல்லாவற்றையும் கண்காணிக்க பிஎம்சி என்ற தனிக் கட்டுப்பாட்டுச் சில்லு.

முதல் நாளே ஒரு பாடம். ஒரு மாட்யூலில் உபுண்டு சர்வர் என்ற இயங்குதளத்தை நிறுவி, எல்லாம் சரியானதும் அதன் முழு நகலை, அதாவது இமேஜை, மற்ற மூன்றிலும் எழுதினேன். நான்கையும் இயக்கினால் ஒன்றுதான் கண்ணில் படுகிறது; அதுவும் வந்து வந்து போகிறது. கேபிளைச் சந்தேகப்பட்டேன், ஸ்விட்சைச் சந்தேகப்பட்டேன். கடைசியில், ஐபி முகவரிகளைக் கொடுக்கும் டிஹெச்சிபியின் பதிவைப் பார்த்தால், நான்கு மேக் முகவரிக்கும் (நெட்வொர்க் வன்பொருளின் அடையாள எண்) ஒரே ஐபி! உபுண்டு சர்வர், ஐபி கேட்கும்போது மேக் முகவரியை அல்ல, மெஷின்-ஐடி கோப்பிலிருந்து உண்டாக்கிய அடையாளத்தைத்தான் கொடுக்கும். இமேஜோடு அந்தக் கோப்பும் நகலாகிவிட்டது. இமேஜ் எடுக்கும் முன்பே அந்தக் கோப்பைக் காலி செய்துவிடுங்கள். முதல் முறை பூட் ஆகும்போது புதிதாக உருவாகிக்கொள்ளும். எஸ்எஸ்ஹெச் (தூரத்திலிருந்து நுழையும் வழி) ஹோஸ்ட் சாவிகளையும் மறக்காமல் அழித்துவிடுங்கள், இல்லையென்றால் நான்கு இயந்திரமும் ஒரே சாவியோடு உட்கார்ந்திருக்கும்.

வேகத்தைப் பொறுத்தவரை குறை ஒன்றும் இல்லை. ஐபெர்ஃப் என்ற வேகம் அளக்கும் நிரலை வைத்துப் பார்த்தால் மாட்யூலுக்கு மாட்யூல் 940 மெகாபிட் வருகிறது. ஒரே நேரத்தில் இரண்டு ஜோடி பேசினாலும் அதே 940. ஆனால் வெளியே போவது ஒரே கேபிள், நான்கு பேரும் அதைத்தான் பகிர வேண்டும். அதனால் எஸ்எஸ்டி இருக்கும் மாட்யூலிலிருந்து பேக்கப் எடுக்கும் வேலையைப் பலகைக்குள்ளேயே முடித்துவிடுகிறேன். ஸ்கேன் கோப்புகள் உள்ளே வருவதற்கு மட்டும்தான் வெளி கேபிள்.

இந்த கேபிள் விஷயத்தில் ஒரு நாள் பட்ட அவதி மறக்காது. காலை பத்து மணிக்கு வீட்டுக் கணக்குப்பிள்ளை போன் செய்தார். "தம்பி, நெட்டு சுத்தமா நின்னுபோச்சு." நான் வெளியிலிருந்து நுழையப் பார்த்தேன், பிஎம்சி கூடக் கிடைக்கவில்லை. ஸ்விட்சில் விளக்கெல்லாம் எப்படி எரிகிறது என்று கேட்டேன். "எல்லாம் ஒண்ணா சேர்ந்து துடிக்குதுப்பா." உடனே புரிந்துவிட்டது. "ஐயா, புதுசா ஏதாவது ஒயர் மாட்டினீங்களா?" "ஒரு ஓட்டை சும்மாதானே கிடந்துச்சு, ரெண்டு ஒயர் போட்டா வேகம் கூடுமேன்னு..." பலகையின் இரண்டு போர்ட்டும் ஒரே ஸ்விட்சுக்குப் போய், லூப் ஆகி, பிராட்காஸ்ட் பாக்கெட்டுகள் (எல்லோருக்கும் போகும் செய்திகள்) ஓயாமல் சுற்றிக்கொண்டிருந்தன. இப்படி லூப் ஆகாமல் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீ இரண்டு பக்கமும் இல்லை. ஒரு ஒயரைப் பிடுங்கச் சொன்னேன். அரை நிமிடத்தில் எல்லாம் வந்துவிட்டது. தப்பு என்னுடையது. பயன்படாத போர்ட்டை அன்றைக்கே அணைத்து வைத்திருக்க வேண்டும். இப்போது அணைத்திருக்கிறேன், மேலே டேப்பும் ஒட்டியிருக்கிறேன். வெளி ஸ்விட்சையும் ஸ்பானிங் ட்ரீ உள்ளதாக மாற்றிவிட்டேன்.

இன்னொரு முறை இதைவிட ஆழமான சிக்கல். வீட்டார் எல்லோரும் வெளியூர் போக, மெயினை அணைத்துவிட்டார்கள்; இரண்டு வாரத்துக்கு மேல் கரண்ட் இல்லை. திரும்பி வந்து போட்டால் எல்லா மாட்யூலும் பூட் ஆகின்றன, ஆனால் எந்த இணையதளமும் திறக்கவில்லை. சிஎம்4-இல் பேட்டரியோடு கூடிய கடிகாரம் கிடையாது. அணைந்த நாளின் தேதியிலிருந்தே அது மீண்டும் தொடங்கும். இணையதளப் பெயருக்கு ஐபி கண்டுபிடித்துத் தருவது டிஎன்எஸ். அந்த வேலைக்காக முதல் மாட்யூலில் ஓடும் அன்பவுண்ட் என்ற நிரல், டிஎன்எஸ் பதில்களின் டிஜிட்டல் கையொப்பங்களைச் சரிபார்க்கிறது. தேதி பின்தங்கியிருந்ததால் எல்லாக் கையொப்பமும் அதற்கு வருங்காலத்தில் போட்டதாகத் தெரிகிறது, நிராகரிக்கிறது. நேரத்தைச் சரிசெய்ய வேண்டிய குரோனி என்ற நிரலோ, நேர சர்வரின் பெயரைக் கண்டுபிடிக்க அதே டிஎன்எஸ்ஸைத்தான் கேட்கிறது. நேரம் இல்லாமல் பெயர் கிடைக்காது, பெயர் இல்லாமல் நேரம் கிடைக்காது.

இரண்டு வேலை செய்தேன். குரோனியில் நேர சர்வர்களில் ஒன்றைப் பெயரால் அல்லாமல் ஐபியால் எழுதினேன். அப்புறம் முதல் மாட்யூலில் டிஎஸ்3231 கடிகாரச் சில்லு ஒன்றைச் சேர்த்தேன். அதன் பிழை மில்லியனில் இரண்டு பங்கு, வருடத்துக்கு ஒரு நிமிடம் அளவுதான். மற்ற மூன்றும் பேக்பிளேன் வழியாக இதனிடம் நேரம் கேட்கின்றன. அன்றிலிருந்து எத்தனை மின்தடை வந்தாலும் பிரச்சினை இல்லை.

பிஎம்சியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், இந்தப் பலகைக்குக் கொடுத்த காசு அதற்குத்தான் என்று நினைக்கிறேன். ஒரு மாட்யூல் தொங்கிவிட்டால் காரைக்குடியில் உட்கார்ந்தபடியே அதன் பவரை மட்டும் அணைத்துப் போடலாம். சீரியல் கன்சோலும் (நெட்வொர்க் இல்லாமலே மாட்யூலின் செய்திகளைக் காட்டும் திரை) பார்க்கலாம், ஆனால் அதற்கு மாட்யூலின் கான்ஃபிக் கோப்பில் யுஏஆர்டியை, அதாவது சீரியல் போர்ட்டை, இயக்கும் வரி இருக்க வேண்டும். அது இல்லாமல் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு ஒரு சாயங்காலத்தை வீணாக்கியிருக்கிறேன். பிஎம்சியைத் தனி விலானில் (நெட்வொர்க்குக்குள் பிரித்து வைத்த தனிப் பகுதி) வையுங்கள். வளவில் விருந்தாளிகளுக்கு வைஃபை கொடுத்திருக்கிறோம், அங்கிருந்து அதை யாரும் தொடக் கூடாது.

வெயில் பயமுறுத்தியது, நடக்கவில்லை. 80 டிகிரியைத் தொட்டால் சிஎம்4 தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சித்திரை வைகாசியிலும் அந்தக் கனத்த சுண்ணாம்புச் சுவர் அறையில் 65 தாண்டவில்லை. அதே சுவர்தான் வைஃபையை அடியோடு மறித்தது. துளையிட விடமாட்டார்கள், அதுவும் நியாயம்தான். நிலைக்கதவுகளின் மேல் விளிம்பை ஒட்டியே கேபிள் இழுத்தோம். செம்மண் தூசு மட்டும் ஓயாத தொல்லை. மாதம் ஒரு முறை ஃபேன் வலையைக் கழற்றித் தட்டுகிறேன்.

வாங்க நினைப்பவர்களுக்கு: கணக்கிடும் வேகம் மட்டும் வேண்டுமென்றால் பழைய மினி பிசி ஒன்றே போதும், விலையும் குறையும். சத்தமில்லாமல், தூரத்திலிருந்து நிர்வகிக்க, ஒன்று விழுந்தாலும் மற்ற மூன்று ஓட வேண்டுமென்றால் இதை வாங்கலாம். ஒரு சிஎம்4 உதிரியாக, இமேஜ் எழுதியே, ஆச்சியின் அலமாரியில் இருக்கிறது. உறையின் மேல் "மூணாவது செருகலுக்கு" என்று அவரே எழுதி வைத்திருக்கிறார்.