மெர்க்கல் செல் புற்றுநோய்: ஸ்கேன் போதுமா, கணுவை எடுத்துப் பார்க்க வேண்டுமா?

மெர்க்கல் செல் கார்சினோமா அபூர்வமான தோல் புற்றுநோய். வெயில் படும் முகம், கழுத்து, கைகளில் வலியில்லாத செந்நிறக் கட்டியாகக் கிளம்பி மளமளவென வளரும். பயாப்ஸியில் உறுதியானதும் அடுத்த கேள்வி, நிணநீர்க் கணுக்களுக்கு (அக்குள், கழுத்து போன்ற இடங்களில் நிணநீரை வடிகட்டும் சின்ன முடிச்சுகள்) பரவிவிட்டதா என்பதுதான்.

டாக்டர் அக்குளையோ கழுத்தையோ தடவிப் பார்த்து ஒன்றும் இல்லை என்றால் நிம்மதியாகத்தான் இருக்கும். ஆனால் அப்படி எதுவும் தட்டுப்படாதவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் கணுவில் நோய் ஒளிந்திருக்கிறது. (கட்டி தட்டுப்பட்டால் கதை வேறு, நேராக ஊசி போட்டு எடுத்துப் பார்த்துவிடலாம்.)

சரி, உடல் முழுக்கப் புற்றைத் தேடும் பெட் ஸ்கேன்? நுரையீரல், கல்லீரல், எலும்பு என்று தொலைவில் போயிருந்தால் காட்டிக்கொடுப்பதில் அது கெட்டிக்காரன், அதனால் எடுக்கத்தான் வேண்டும். ஆனால் கணுவுக்குள் சிதறிக் கிடக்கும் ஒரு சில செல்கள் அதன் கண்ணில் படாது.

அங்கேதான் செண்டினல் கணு பயாப்ஸி வருகிறது. கட்டி இருந்த இடத்தைச் சுற்றி டெக்னீசியம் என்ற லேசான கதிரியக்க மருந்தைச் செலுத்துவார்கள், பல இடங்களில் கூடவே நீலச் சாயமும். அது முதலில் போய்ச் சேரும் கணுவைக் காமா கருவியின் சத்தத்தை வைத்துப் பிடித்து, சின்னக் கீறல் போட்டு அந்த ஒன்றிரண்டை மட்டும் எடுப்பார்கள். இந்தப் புற்றுசெல்கள் சிறியவை, வழக்கமான சாயத்தில் நிணநீர்ச் செல்களோடு கலந்து ஏமாற்றிவிடும், அதனால் சிகே20 என்ற சிறப்புச் சாயம் போட்டுப் பார்த்தார்களா என்று கட்டாயம் கேளுங்கள்.

எதற்கு வம்பு, மொத்தக் கணுக்களையும் எடுத்துவிடலாமே என்றால், மூன்றில் இருவருக்கு அது வீண் வெட்டு, கை கால் வீக்கம் நிரந்தரமாகவும் தங்கிவிடலாம். நோயின் நிலையை அறிய மட்டும் அது தேவையே இல்லை.

செண்டினலிலும் ஓட்டை உண்டு. தலை, கழுத்துப் பகுதியில் நிணநீர் எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்ல முடியாது, அதனால் நோய் இருந்தும் இல்லை என்று வர வாய்ப்பு அதிகம். அப்படிப்பட்டவர்களுக்கும், மயக்க மருந்து தாங்காத முதியவர்களுக்கும் கணுப் பகுதிக்கு ரேடியேஷன் கொடுப்பதில் நியாயம் இருக்கிறது. பயாப்ஸி செய்தாலே ஆயுள் கூடும் என்று அடித்துச் சொல்லவும் முடியாது. ரேடியேஷன் யாருக்கு, எங்கே என்று முடிவெடுக்கத்தான் அது.

என் ஓட்டு பெட் ஸ்கேனும் செண்டினலும் சேர்த்துத்தான். ஆனால் கட்டியை அகலமாக வெட்டி எடுப்பதற்கு முன்போ அதே அறுவையிலோ இதைச் செய்துவிட வேண்டும், வெட்டித் தைத்த பிறகு நிணநீர்ப் பாதை மாறிப்போய் மருந்து தவறான கணுவுக்குப் போகலாம்.