‘உள்ளே பாம் வெடித்தாலும் வெளியே கேட்காது’: வீட்டில் ஸ்டுடியோ போடுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

வீட்டில் ரெக்கார்டிங் அறை போட நினைப்பவர்கள், யாருக்காவது அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். டப்பிங், ஆடியோ புத்தகம், அவ்வப்போது விளம்பரக் குரல், இதுதான் என் தொழில். சென்னை வளசரவாக்கத்தில் மாடி வீடு. தெருவில் தண்ணீர் லாரி, பக்கத்து வீட்டு போர் மோட்டார், ஆடி பிறந்தால் அம்மன் கோயில் குழாய் ஸ்பீக்கர். இதற்கு நடுவில் ஓர் அறையை அமைதியாக்க 4,60,000 ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்டோம். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. நுகர்வோர் ஆணையத்தில் புகார் நிலுவையில் இருக்கிறது, இப்போதைக்குப் பெயர் வேண்டாம் என்கிறார் வக்கீல். அவர்கள் எப்படிச் செய்தார்கள் என்பதைச் சொல்ல அவர் தடை போடவில்லை.

வந்தவர் நல்ல பேச்சுக்காரர். “மேடம், ஏழு அடுக்கு ட்ரீட்மென்ட். உள்ள பாம் வெடிச்சாலும் வெளிய கேக்காது” என்றார். கையோடு ஒரு சாம்பிள் ஃபோம் கொண்டுவந்திருந்தார். “என்.ஆர்.சி. 0.9 மேடம். அதாவது 90 சதவீத சத்தம் நின்னுடும்.”

முதல் பொய் இங்கேதான். என்.ஆர்.சி. என்பது ஒரு பொருள் தன்மேல் விழும் ஒலியில் எவ்வளவைத் திருப்பி அனுப்பாமல் உறிஞ்சிக்கொள்கிறது என்பதற்கான எண். அறைக்குள் எதிரொலி குறையுமா என்று அது சொல்லும். தெருச் சத்தம் உள்ளே வருமா, வராதா என்பதற்கு அதில் பதில் கிடையாது. சுவரைத் தாண்டி எவ்வளவு ஒலி போகிறது என்பதற்கு எஸ்.டி.சி. என்று வேறொரு அளவு இருக்கிறது. ஃபோமை மட்டும் வைத்து அதில் ஒன்றும் சாதிக்க முடியாது. காரணம், அதற்கு எடையே இல்லை. ஒலியைத் தடுப்பது எடையும், காற்றுப் புகாத அடைப்பும்தான். முட்டை அட்டை, தெர்மாகோல், கூம்புக் கூம்பாக வெட்டிய ஃபோம் எல்லாமே இந்த விஷயத்தில் ஒரே ஜாதி.

இவர்கள் செய்து காட்டும் வித்தை ஒன்று உண்டு. ஃபோம் ஒட்டிய அறையில் நிற்கவைத்துக் கை தட்டிக் காட்டுவார்கள். “பாத்தீங்களா, சத்தமே இல்ல.” எதிரொலி போய்விட்டது, அவ்வளவுதான். கேட்பவருக்கு அது சவுண்ட் ப்ரூஃப் ஆனதுபோல இருக்கும். கதவைச் சாத்திவிட்டு, உள்ளே ஸ்பீக்கரில் பாட்டை வைத்து வெளியே நின்று கேட்க வேண்டும். அதைச் செய்து காட்டச் சொன்னால் “வேலை முழுசா முடியட்டும் மேடம்” என்பார்கள்.

கொட்டேஷனில் இருந்தது இது: சுவருக்கு 48 டென்சிட்டி (கன மீட்டருக்கு 48 கிலோ) ராக்வூல் என்னும் பாறைப் பஞ்சு, அதன்மேல் இரண்டடுக்கு ஜிப்சம் போர்டு, சுவரில் நேரடியாகத் தொடாத ஃப்ரேம், அக்யூஸ்டிக் டோர், சைலன்ட் வென்டிலேஷன். காகிதத்தில் குறையே இல்லை. சாமான் வந்து இறங்கியதும் 70 சதவீதம் கட்ட வேண்டும் என்று ஒரு விதி. ராக்வூல் கட்டுகள் வந்து இறங்கின, படம் எடுத்தார்கள், பணம் போனது. அந்தக் கட்டுகளில் பாதியை இரவோடு இரவாக “வேற சைட்டுக்கு அவசரம், திரும்ப வரும்” என்று ஏற்றிப் போனார்கள். வரவில்லை.

வேலை நடந்தபோது தினமும் வாட்ஸப்பில் படம் வரும். நான்கு சுவருக்கும் ராக்வூல் அடைத்த படங்கள், தேதியோடு. நானும் என் கணவரும் பின்னால் அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். நான்கிலும் இடது கீழ்மூலையில் இருக்கும் ராக்வூல் பலகை (ஸ்லாப்) ஒன்றே. ஒரு முனை பிய்ந்திருக்கிறது, மேலே சிவப்பு மார்க்கரில் கோணலாக ஒரு கோடு. ஒரு சுவரில் நிறுத்திப் படம் எடுத்து, உருவி, அடுத்த சுவருக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

இந்த ஏமாற்று வேலை முதலில் தெரிந்தது ஒரு பிளக் பாயின்ட்டால். சுவிட்ச் பெட்டி ஆடுகிறது என்று எலக்ட்ரீஷியன் கழற்றினார். டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே செங்கல் சுவர் பளிச்சென்று தெரிகிறது. ராக்வூலும் இல்லை, இரண்டாவது போர்டும் இல்லை. ஒற்றை 12.5 எம்.எம். ஜிப்சம், ஒரு அங்குல இடைவெளி, சுவரிலேயே திருகிய ஜி.ஐ. சேனல் (இரும்புத் தகட்டுச் சட்டம்). அறையின் ஒரே ஒரு பக்கத்தில் மட்டும், அதுவும் முழங்கால் உயரம் வரை, கண்ணாடிப் பஞ்சு இருந்தது. தட்டிப் பார்ப்பவர்கள் அந்த உயரத்தில்தான் தட்டுவார்கள் என்ற கணக்கோ என்னவோ.

பணம் போனது ஒரு பக்கம், அறை முன்பைவிட மோசமானது இன்னொரு பக்கம். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், இரு பக்கமும் பூச்சு உள்ளது, தன்னளவிலேயே நல்ல தடுப்பு. அதன் முன்னால் மெல்லிய பலகையை ஒரு அங்குல இடைவெளி விட்டு அடித்தால், இடையில் சிக்கிய காற்றும் பலகையும் சேர்ந்து சுமார் 130 ஹெர்ட்ஸ் அருகே அதிரும். ஆட்டோ இன்ஜின், லாரி உறுமல், ஆண்களின் கனத்த குரல் எல்லாம் அந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் இருக்கின்றன. லாரி போகும்போது முன்பு கேட்காத ஒரு ‘ம்ம்ம்’ மைக்கில் விழ ஆரம்பித்தது இதனால்தான்.

கதவுக்கு 65,000 போட்டிருந்தார்கள். சாதாரண ஃப்ளஷ் டோரின்மேல் ஃபோம் வைத்து, ரெக்ஸின் இழுத்து, பொத்தான் அடித்திருந்தது. பார்க்கப் பழைய ஹோட்டல் ஏசி ஹால் கதவு மாதிரி நன்றாகவே இருக்கும். அடியில் அரை அங்குல இடைவெளி. மூன்றடிக்கு ஏழடிக் கதவில் அந்த இடைவெளி வெறும் 0.6 சதவீதப் பரப்புதான். ஆனால் அந்த ஓட்டை ஒன்று இருந்தாலே, கதவை ஈயத்தில் வார்த்தால்கூட மொத்தத் தடுப்பு சுமார் 22 டெசிபலைத் தாண்டாது. 1 சதவீதம் திறந்திருந்தால் 20. கதவின் எடையைப் பற்றிப் பேசுபவர், சுற்றிலும் ரப்பர் சீல், அடியில் இறங்கி அடைக்கும் சீல் பற்றிப் பேசவில்லை என்றால் அந்தக் கதவை வாங்காதீர்கள். ஏசி காப்பர் பைப் போகும் ஓட்டையையும் அப்படியே விட்டு, மேலே ஒரு பிளாஸ்டிக் மூடி போட்டிருந்தார்கள்.

வென்டிலேஷன் விஷயம்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. 48,000 ரூபாய், ‘சைலன்ட் வென்டிலேஷன் சிஸ்டம்’. வைத்தது என்ன தெரியுமா? சுவரைத் துளைத்து ஆறு அங்குல பி.வி.சி. பைப், அதன் வாயில் பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேன், பைப்புக்குள் கையால் பிய்த்து ஒட்டிய இரண்டு ஃபோம் துண்டு. பைப் உள்பக்கமாகச் சரிந்திருந்ததால் முதல் மழைக்கே தண்ணீர் மிக்ஸர் மேஜைமேல் சொட்டியது. ஃபேனைப் போட்டால் மைக்கில் இரைச்சல். அணைத்தாலும் தெரு அந்தப் பைப் வழியாக நேராக உள்ளே வருகிறது. அடைத்துவிட்டால் தலைவலி. கேட்டதற்கு, “ஏசிதான் இருக்கே மேடம், அதுலயே காத்து வருமே.”

ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவராது. உள்ளே இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிரவைக்கும். எங்கள் அறையில் மிஞ்சிய இடம் சுமார் 600 கன அடி. சும்மா உட்கார்ந்திருக்கும் ஓர் ஆள் மணிக்குச் சுமார் 18 லிட்டர் கார்பன் டை ஆக்ஸைடு விடுவார். அவ்வளவு சிறிய அறையை அடைத்துவிட்டால் மணிக்கு ஏறக்குறைய 1000 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கு காற்றில் இத்தனை பங்கு என்ற அளவு) ஏறும். வெளியே இருப்பது 420 சொச்சம்தான். சின்ன மீட்டர் ஒன்று வாங்கி வைத்தோம். நானும் இன்னொரு ஆர்ட்டிஸ்டும் உட்கார்ந்து ஒரு ரீல் முடிப்பதற்குள் 2500-ஐத் தொட்டது. குரல் மந்தமாகிறது, கொட்டாவி வருகிறது, வரி தவறுகிறது. அதுவரை தூக்கம் போதவில்லை என்றே நினைத்திருந்தோம்.

பிறகு வேலையைச் சரிசெய்து கொடுத்தது, வடபழனி, சாலிகிராமம் பக்கம் ரெக்கார்டிங் தியேட்டர்களுக்கு மரவேலை செய்து ஓய்வுபெற்ற ஓர் ஆசாரி அண்ணன். பார்த்ததும் அவர் சொன்னது, “ஏம்மா, காத்து நேரா வந்தா சத்தமும் நேரா வரும். வளைச்சு வளைச்சு வுடணும்.” 19 எம்.எம். பிளைவுட்டில் இரண்டு பெட்டிகள், காற்று வர ஒன்று, போக ஒன்று. உள்ளே காற்று பாம்பு மாதிரி வளைந்து போகும்படி தடுப்புகள், எல்லாப் பக்கமும் கறுப்புத் துணி ஒட்டிய கண்ணாடிப் பஞ்சு. ஃபேன் அறையிலேயே கிடையாது. வெளி லாஃப்டில் ரப்பரில் தொங்குகிறது, அங்கிருந்து வளையும் டக்ட், அதாவது காற்றுக் குழாய். பெரிய ஃபேனாக வாங்கி மெதுவாக ஓட்டுவதுதான் சூட்சுமம். ஃபேனின் வேகம் பாதியானால் அதன் சத்தம் சுமார் 15 டெசிபல் குறையும். குழாயும் அகலமாக இருக்க வேண்டும். இரண்டு பேருக்குத் தேவையான காற்றை நாலு அங்குலக் குழாயில் தள்ளினால் வினாடிக்கு இரண்டரை மீட்டர் வேகத்தில் சீறும். ஆறு அங்குலத்தில் ஒரு மீட்டர் சொச்சம்தான், காதில் விழாது. ரெகுலேட்டர் ஸ்டெப் வகையாக இருக்கட்டும். திருகும் டிம்மர் வகையில் மோட்டாரே முனகும்.

இத்தனைக்கும் ஆன செலவு, ‘சைலன்ட் சிஸ்டம்’ என்று எங்களிடம் வாங்கியதில் பாதிகூட இல்லை.

இன்னொன்று, இது பணத்தைவிடப் பெரியது. ‘ஃபயர் ரிடார்டன்ட்’ என்று சொல்லி ஒட்டிய ஃபோமில் ஒரு துண்டை மொட்டைமாடிக்குக் கொண்டுபோய், இடுக்கியில் பிடித்து என் கணவர் தீக்குச்சி காட்டினார். உடனே பற்றியது. உருகி, எரிந்தபடியே சொட்டு சொட்டாகத் தரையில் விழுந்தது, கறுப்புப் புகை. பாலியூரித்தேன் ஃபோம் எரிந்தால் கார்பன் மோனாக்ஸைடோடு ஹைட்ரஜன் சயனைடும் வரும். அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் 2003-இல் ஒரு இரவு விடுதியில் 100 பேர், பிரேசிலின் சாண்டா மரியாவில் 2013-இல் 242 பேர் இறந்தது இப்படிச் சுவரிலும் கூரையிலும் ஒட்டிய ஃபோமில் வாணத்தின் பொறி பட்டுத்தான். ஜன்னல் இல்லாத, ஒரே கதவுள்ள அறையில் இதை ஒட்டி, பக்கத்திலேயே பிளக் பாயின்ட்டும் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். சோதனைச் சான்றிதழ் கேட்டால் காட்டுகிறவரிடம் மட்டும் வாங்குங்கள்.

புகார் பற்றிக் கேட்கிறவர்களுக்கு: 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் போட வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. ஆன்லைனிலேயே போடலாம். அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐக் கூப்பிட்டுப் பதிவும் செய்யலாம். ஜி.எஸ்.டி. பில் தராமல் “கேஷா குடுத்தா 18 சதவீதம் மிச்சம்” என்று அவர்கள் ஆசை காட்டியபோது நாங்கள் வங்கி வழியாகவே அனுப்பினோம். அதுதான் இப்போது கையில் இருக்கும் பலமான ஆதாரம்.

எங்களை ஏமாற்றிய அந்தப் பேச்சுக்காரர் தொழிலை விடவில்லை. போன மாதம் வேறொரு பெயரில், கோயம்புத்தூரிலும் வேலை எடுப்பதாக விளம்பரம் வந்தது. எங்கள் வீட்டுப் படத்தைத்தான் போட்டிருக்கிறார்கள். பிய்ந்த முனை, சிவப்புக் கோடு, அதே ஸ்லாப். ‘ஏழு அடுக்கு’ என்று யாராவது உங்களிடம் வந்து பேசினால் சொல்லுங்கள், நான்கு படங்களையும் அனுப்புகிறேன், ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.