பெயின்ட் அடித்த ரிம்முக்குக் ‘கிராக் டெஸ்ட்’: மட்டக்களப்பு, அம்பாறைக் கார்க்காரர்கள் கவனிக்கவும்

மட்டக்களப்பு, கல்முனை, அம்பாறைப் பக்கம் காரை ரேஸுக்குத் தயார்படுத்துகிறவர்களும், ஜப்பானிலிருந்து வந்த பழைய லைட்வெயிட் அலோய் ரிம் வாங்கிப் பூட்டியிருப்பவர்களும் இதைக் கட்டாயம் வாசியுங்கள். மட்டக்களப்பு டவுனுக்குக் கிட்ட இருக்கிற ஓர் அலோய் ரிப்பேர் கராஜில் எங்களுக்கு நடந்தது. முறைப்பாடு போயிருப்பதால் பெயரை இங்கே போடவில்லை.

தம்பி தன் பழைய சிவிக்கை நுவரெலியா மகாகஸ்தோட்ட மலையேற்ற ஓட்டத்துக்குக் கொண்டுபோவதாக இருந்தான். 15 அங்குல ரேஸ் ரிம் நான்கையும் வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்துத் தரும்படி கொடுத்தோம். பெயின்ட் அடிக்கச் சொல்லவே இல்லை. ஆனால் காற்றழுத்தத்தில் மணல் அடித்து, வெள்ளைப் பெயின்ட் பூசி, பளபளவென்று திருப்பித் தந்தார்கள். பில்லில் இப்படி எழுதியிருந்தது: ‘மேக்னட் கிராக் டெஸ்ட், 4 ரிம், ஓகே, ரூ. 18,000’. பெயின்ட் இலவசமாம்.

அந்தப் பில்லே போதும். காந்தமும் இரும்புத்தூளும் வைத்துப் பார்க்கிற டெஸ்ட் இரும்புக்கும் உருக்குக்கும் உரியது. இரும்பு எஞ்சின் பிளாக், கிராங்க் ஷாஃப்ட் எல்லாம் அப்படித்தான் பார்ப்பார்கள். அலோய் ரிம் செய்கிற அலுமினியத்திலும் மக்னீசியத்திலும் காந்தம் பிடிக்காது, ஆகவே அந்த டெஸ்டைச் செய்யவே முடியாது. செய்யாத வேலைக்குக் காசு வாங்கியிருக்கிறார்கள்.

ரிம்மைப் பூட்டியதிலிருந்து பின்பக்கம் ஒரு டயரில் காற்று மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே இருந்தது. வால்வில் சவர்க்காரத் தண்ணீர் விட்டோம், குமிழி வரவில்லை. டயரைக் கழற்றி, ரிம்மின் உள்வளையத்தில் பெயின்ட் ரிமூவர் பூசித் துடைத்தால், ஒரு ஸ்போக்குக்கு நேர் பின்னால் முடியளவு பருமனில் ஒரு கோடு. விரல் நகத்தை வைத்து இழுத்தால் தட்டுகிறது. கொஞ்சம் தள்ளி, முன்பு யாரோ வெல்ட் பண்ணி கிரைண்டரால் மட்டம் செய்த இடமும் தெரிந்தது. சுற்றியிருந்த உலோகத்தின் நிறமே வேறு. அதைப் பார்க்காமல் அந்த இடத்துக்குப் பெயின்ட் அடித்திருக்க முடியாது.

‘வெல்ட் பண்ணினால் என்ன, பிடிக்குதுதானே’ என்று சொல்வார்கள். இந்த ரிம்களுக்குப் பலம் வருவதே, அலுமினியத்தைச் சூடாக்கிக் குளிரவைத்துக் கெட்டியாக்குகிற டி6 என்கிற வெப்பப் பதத்தால்தான். வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்தப் பதம் போய், உலோகம் மெத்தென்று ஆகிவிடும். அடுத்த வெடிப்பு பெரும்பாலும் வெல்டின் ஓரத்தில்தான் தொடங்கும்.

இன்னொன்று. ஓர் அளவுக்குக் கீழ்ப்பட்ட சுமையென்றால் உருக்கு எத்தனை தடவையும் தாங்கும். அலுமினியத்துக்கு அப்படி ஓர் எல்லை இல்லை. ஒவ்வொரு வளைவும், ஒவ்வொரு குழியும் அதன் கணக்கில் ஏறிக்கொண்டே போகும். ரேஸ் ரிம்மில் பாரம் குறைக்க உலோகத்தையும் சுரண்டி எடுத்திருப்பார்கள். அதனால்தான் ஒழுங்கான ரேஸ் டீம்கள் ரிம் ஓடிய கணக்கை எழுதிவைத்து, வெடிப்புத் தெரியாவிட்டாலும் காலம் வந்ததும் தூக்கிப் போடுகின்றன. எங்கள் பக்கத்து உப்புக்காற்றில் அரித்த சின்னச் சின்னக் குழிகளும் வெடிப்பு தொடங்க நல்ல இடம்.

சரியான டெஸ்ட் ஒன்றும் பெரிய மந்திரம் இல்லை. சாயம் ஊடுருவும் டெஸ்ட் என்பார்கள். கிளீனர், சிவப்புச் சாயம், வெள்ளை டெவலப்பர் என்று மூன்று ஸ்பிரே டின். முதலில் பெயின்ட் முழுக்கப் போகவேண்டும், அதுவும் ரிமூவரால். மணல் அடித்தால் மெத்தென்ற அலுமினியம் இழுபட்டு வெடிப்பின் வாயை மூடிவிடக்கூடும், அப்போது சாயம் உள்ளே போகாது. எங்கள் ரிம்களுக்கும் மணல்தான் அடித்திருந்தார்கள். கழுவிக் காயவைத்து, சாயம் அடித்து, டின்னில் போட்டிருக்கிற நேரம் விடவேண்டும்; பெரும்பாலும் 10 முதல் 30 நிமிடம். பிறகு கிளீனரைத் துணியில் நனைத்துத் துடைக்கவேண்டும். ரிம்மில் நேரே அடித்தால் வெடிப்புக்குள் போன சாயமும் கழுவுப்பட்டுப் போகும். கடைசியில் டெவலப்பரை மெல்லிசாக அடித்துவிட்டுக் காத்திருந்தால், வெடிப்பு இருக்கிற இடத்தில் வெள்ளைக்கு மேல் சிவப்புக் கோடு கசிந்து வரும். ஸ்போக்கின் அடி, நட் துளைகளைச் சுற்றி, வால்வுத் துளை, உள்வளையத்தின் விளிம்பு, இவற்றை விடாமல் பாருங்கள். முகப்பை மட்டும் பார்த்துவிட்டு ஓகே சொல்பவரை நம்பவேண்டாம்.

மணல் அடித்திருந்தும், நாங்களே அப்படிப் பார்த்ததில் இன்னொரு ரிம்மிலும் நட் துளையிலிருந்து கோடு வந்தது.

ரிம்மோடு கராஜுக்குப் போய்க் கேட்டதற்கு முதலாளி, “தம்பி, நாங்க தட்டிப் பாத்தம், மணி மாதிரிச் சத்தம் கேட்டது” என்றார். பெரிதாகப் பிளந்த ரிம் தட்டினால் அடைத்த சத்தம் தரும்தான். மயிரளவு வெடிப்பு அதில் பிடிபடாது. அப்போ மேக்னட் டெஸ்ட்? “அது பில் எழுதிற பொடியன் எழுதினது.” காசைக் கேட்டால், இன்னொரு தடவை பெயின்ட் அடித்துத் தருகிறாராம்!

பில்லை வைத்து நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையில் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். அவர்களின் தொலைபேசி இலக்கம் 1977. வாங்கிய பொருளோ செய்த சேவையோ, 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்கவேண்டும், பில்லைத் தொலைத்துவிடாதீர்கள்.

எனக்கு உண்மையில் பயம் வந்தது அன்றைக்குக் கராஜிலிருந்து கிளம்பும்போதுதான். “அந்த வெடிச்ச ரெண்டையும் வச்சி என்ன செய்யப் போறீங்க? தாங்க, ஒண்டுக்கு எட்டாயிரம் போட்டு எடுக்கிறன்” என்றார் முதலாளி. பழைய இரும்புக்காரன் அவ்வளவு தரவே மாட்டான். வெல்ட் பண்ணி, பெயின்ட் அடித்து, இன்னொருவர் காருக்குப் போகப்போகிறது என்பது விளங்கிவிட்டது. கொடுக்கவில்லை. கிரைண்டர் எடுத்து இரண்டையும் குறுக்கே அறுத்தபிறகுதான் பழைய இரும்புக்குப் போட்டோம்.

இந்தப் பக்கம் அண்மையில் புதிதாக வெள்ளைப் பெயின்ட் அடித்த 15 அங்குல ரிம் வாங்கியவர்கள் யாராவது இருந்தால், டயரைக் கழற்றி உள்பக்கத்தைச் சுரண்டிப் பாருங்கள். வெல்ட் தெரிந்தால் படம் எடுத்து, பில்லோடு எனக்கு அனுப்புங்கள். முறைப்பாட்டோடு சேர்க்கலாம்.