ஹார்னெட்டைக் கே-ஹார்னெட்டாக மாற்றக் கொடுத்து 465 டாலரை இழந்தேன்

.22 ஹார்னெட் என்ற தோட்டாவைச் சுடும் என் ரைஃபிளின் சேம்பரை (குழலில் தோட்டா அமரும் பகுதியை), அதன் மாற்று வடிவமான கே-ஹார்னெட்டுக்கு விரித்துத் தருவதாகச் சொன்ன ஒரு துப்பாக்கி வேலைக்காரரிடம் 465 டாலரையும், ஒழுங்காகச் சுட்டுக்கொண்டிருந்த ஒரு குழலையும் பறிகொடுத்து நிற்கிறேன். என்ன நடந்திருக்கிறது என்பது நேற்றுதான் உறுதியானது. கோபம் ஆறுவதற்குள் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாற்றலாமா வேண்டாமா என்று ஓராண்டு யோசித்தவன் நான். ஹார்னெட்டின் பித்தளைக்கூடு மெல்லியது, கழுத்தை நோக்கி நீளமாகச் சரிந்து செல்வது. அதன் பக்கச்சுவரை நிமிர்த்தி, கழுத்துக்குக் கீழுள்ள தோளைக் கூர்மையாக்கி, உள்ளே கூடுதல் வெடிமருந்து கொள்ளுமாறு லைல் கில்போர்ன் 1940-இல் அமைத்ததே கே-ஹார்னெட். கிடைக்கும் ஆதாயம் நொடிக்கு ஏறத்தாழ 200 அடி வேகம். அதற்காகக் குழலை வெட்டுவதா என்ற தயக்கம் எனக்கு இருந்தது. என் குழலுக்குள் குண்டைச் சுழலவைக்கும் வரிமுறுக்கு 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று. சேம்பரை எப்படி மாற்றினாலும் அது மாறாது, கனமான குண்டு அதில் நிலைகொள்ளாது. வேகம்தான் வேண்டும் என்றால் 1950-இலேயே .222 ரெமிங்டன் என்ற வேகமான தோட்டா வந்துவிட்டது. இவ்வளவும் தெரிந்திருந்தும் போனேன்.

என்னை விழவைத்தது அவர் சொன்ன உண்மைகள்தான். மரப்பெட்டியிலிருந்து, சேம்பரைச் செதுக்கி விரிக்கும் கருவியான ரீமரை எடுத்துக் காட்டினார். ஏற்கெனவே கே-ஹார்னெட் சேம்பரில் சுட்டு வடிவம் பெற்ற மூன்று கூடுகளை என் உள்ளங்கையில் வைத்தார்; சுவர் நேராக, தோள் வெட்டியது போல, பார்க்கவே ஆசையாக இருந்தன. "ஹார்னெட் அடி விளிம்பில் நிற்கும் தோட்டா. அதனால் ஹெட்ஸ்பேஸ், அதாவது தோட்டா சேம்பரில் அமரும் அளவு, மாறாது, குழலைப் பின்னுக்குத் தள்ள வேண்டியதும் இல்லை. பழைய ஹார்னெட் தோட்டாவையே இதிலும் சுடலாம், சுட்டதும் கூடு தானாகப் புது வடிவம் எடுத்துக்கொள்ளும்" என்றார். ஒவ்வொரு சொல்லும் சரி; நான் படித்திருந்ததும் அதுவே. படித்ததை அப்படியே ஒருவர் வாயால் கேட்டதும், கையும் அவ்வளவு தேர்ந்ததாக இருக்கும் என்று நம்பிவிட்டேன். குழலைக் கடைசல் இயந்திரத்தில் ஏற்றி மையம் பார்ப்பாரா, ரைஃபிளில் இருந்தபடியே கையால் திருகுவாரா என்று நான் கேட்கவே இல்லை. கூலி 210 டாலரை முன்பணமாகக் கொடுத்தேன். அன்றே, சுட்ட கூட்டை மறுபடி நிரப்ப வடிவுபடுத்தும் புதிய டைகளுக்கு 155, கூடுகளுக்கு 100 என்று செலவழித்தேன். மொத்தம் 465 டாலர்.

ரைஃபிள் திரும்பி வந்த பின் முதல் 50 ஹார்னெட் தோட்டாக்களைச் சுட்டதில் 17 கூடுகள் தோளருகே பிளந்தன. மெல்லிய கூடு என்பதால் சில போகும் என்று எதிர்பார்த்தேன், மூன்றில் ஒன்று போகும் என்று எதிர்பார்க்கவில்லை. பிளக்காதவற்றை மேசையில் உருட்டினால் கழுத்து ஆடியது. 100 கஜத்தில் ஓர் அங்குலத்துக்குள் அடங்கிய குறி மூன்று அங்குலத்துக்குப் பரவியது.

போன் செய்தேன். முதல் முறை, கூடுகள் பழையவை என்றார். அவை அன்று வாங்கிய புதியவை. இரண்டாம் முறை, டையைத் தவறாகப் பொருத்தியிருப்பேன் என்றார். அந்த டையை அதுவரை நான் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை. மூன்றாம் முறை, திங்கட்கிழமை கொண்டுவரச் சொல்லிவிட்டுக் கடையைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். நான்காம் முறை கிடைத்த பதில்தான் இன்னும் எரிகிறது: "மாற்றச் சொன்னது நீங்கள்தானே!"

வேறொருவரிடம் கொண்டுபோனேன். அவர் எளிதில் உருகும் உலோகத்தை ஊற்றிச் சேம்பருக்கு அச்சு எடுத்தார். சேம்பர் குழலின் மையத்திலிருந்து விலகி ஒருபக்கமாக அகன்றிருக்கிறது. சுவரில் ரீமர் அதிர்ந்த தழும்புகள் வளையமாக ஓடுகின்றன. குழலின்மேல் புதிய தோட்டாவின் பெயரைக்கூடப் பொறிக்கவில்லை, இன்னும் ஹார்னெட் என்றே இருக்கிறது. இதைச் சரிசெய்யக் குழலைக் கழற்றிப் பின்புறம் வெட்டி மறுபடி சேம்பர் போட வேண்டும், அல்லது புதுக் குழல் வாங்க வேண்டும். இரண்டுக்கும் அவர் சொன்ன தொகை 465 டாலரைவிட அதிகம்.

என்னென்ன கேட்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. குழலைக் கடைசலில் ஏற்றுவதாக எழுதித் தராதவரிடம் கொடுக்காதீர்கள். சேம்பர் அச்சையும் உங்கள் ரைஃபிளில் சுட்ட கூட்டையும் பார்க்காமல் முழுப்பணம் தராதீர்கள். அதுவரை டை வாங்காதீர்கள். .223 போன்ற விளிம்பில்லாத தோட்டாவை, இதே போலச் சுவர் நிமிர்த்தித் தோளைக் கூர்மையாக்கிய ஆக்லி வடிவத்துக்கு மாற்றும்போது குழலைப் பின்னுக்குத் தள்ளியே ஆக வேண்டும். அதற்கும் ரீமரை மட்டும் விட்டால் போதும் என்று ஒருவர் சொன்னால் உடனே எழுந்து வந்துவிடுங்கள்.

அச்சின் படத்தோடு, 210 டாலர் கூலியையாவது திருப்பித் தரச் சொல்லி அவருக்கு நாளை கடிதம் அனுப்புகிறேன். 155 டாலர் டைகள் பெட்டி பிரிக்காமல் அப்படியே கிடக்கின்றன.