பெங்களூரு வீட்டுத் தரைக்கு எது சரி: ரோபோவா, ஆளா, நாமே மாப் எடுப்பதா?

இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீடுகளில் சுத்தம் பற்றிப் பேச்சு வந்தால் இந்த மூன்றும்தான் அடிபடும். பெருக்கித் துடைக்க ஆள் வைக்கலாம், ரோபோ வாக்குவம் வாங்கலாம், இல்லையென்றால் நல்ல மாப் ஒன்று வாங்கி நாமே முடித்துவிடலாம். எதில் சிரமம் குறைவு என்று கேட்டால் பலரும் யோசிக்காமல் ரோபோ என்பார்கள். நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். மூன்றிலுமே வேலை ஒழிவதில்லை, வேறு வேலையாக மாறுகிறது, அப்படி மாறி நம் தலையில் மிஞ்சுகிற வேலை எது என்று பார்த்துத்தான் பணத்தைப் போட வேண்டும்.

ரோபோவையே முதலில் எடுத்துக்கொள்வோம். 2002இல் ரூம்பா என்ற ரோபோ வாக்குவம் வந்தபோது அது சுவரில் முட்டித் திரும்பும் இயந்திரம். இன்று விற்பவற்றில் பல லேசர் வைத்து வீட்டின் வரைபடத்தைத் தானே போட்டுக்கொண்டு வரிசை தப்பாமல் போகின்றன. தெருவில் எப்போதும் ஏதாவது ஒரு கட்டட வேலை நடக்கும் இந்த ஊரில், காலையில் துடைத்த தரை மாலையில் காலில் நறநறக்கும்போது, தினமும் தூசியை எடுக்க இதைவிட நல்ல துணை கிடையாது. ஆனால் அதை ஓடவிடும் முன் தரையில் கிடக்கும் சார்ஜர் ஒயர், குழந்தையின் சாக்ஸ், மிதியடி, பாய் எல்லாவற்றையும் நாம்தான் எடுக்க வேண்டும். அறைகளுக்கு நடுவே நிலைப்படி வைத்த பழைய வீடு என்றால் 2 செ.மீ.க்கு மேல் பல மாடல்கள் ஏறாது, நாமே தூக்கி அறை அறையாக விட வேண்டியதுதான். நீளமான கூந்தல் உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் பிரஷ்ஷில் முடி சுற்றிக்கொள்ளும், கத்தரிக்கோலால் வெட்டி எடுக்க வேண்டும். பூஜை அலமாரி முன் போட்ட கோலத்தையும் அது தூசி என்றே நினைத்து உறிஞ்சிவிடும், அதனால் வரைபடத்தில் அந்த இடத்தைத் தடை செய்து வையுங்கள். துடைக்கும் வசதி உள்ள மாடல்களிலும் சாதாரணமானவை ஈரத் துணியை இழுத்துக்கொண்டு போவதோடு சரி. அடுப்படியில் காய்ந்துபோன எண்ணெய்ப் பிசுக்கு அதற்கெல்லாம் அசையாது.

ஆள் வைத்தால் இந்தக் குறைகள் எதுவும் இல்லை. நாற்காலியை நகர்த்தி, மூலையில் குனிந்து, பிசுக்கைக் கண்டால் அழுத்தித் தேய்க்க மனிதக் கைக்குத்தான் தெரியும். இங்கே தமிழ் பேசும் அக்காக்கள் நிறையப் பேர் இந்த வேலையில் இருப்பதால் வேலையை விளக்கிச் சொல்வதும் சுலபம். நம் பக்கம் மிஞ்சும் வேலை நேரம்தான்: அவர் வரும்போது யாராவது வீட்டில் இருக்க வேண்டும், ஆபீஸ் மீட்டிங் நடுவே கதவு திறக்க வேண்டும், பொங்கலுக்கு அவர் ஊருக்குப் போனால் அந்த வாரம் நம் கையில். அந்த விடுமுறையைக் குறையாகப் பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. வீட்டு வேலை செய்பவர்களுக்கு வாரத்தில் தொடர்ந்து 24 மணி நேரமாவது ஓய்வு வேண்டும் என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பான ஐ.எல்.ஓ.வின் 189ஆவது உடன்படிக்கை 2011லேயே சொல்லிவிட்டது, இந்தியா அதை இன்னும் ஏற்கவில்லை என்றாலும் நம் வீட்டில் ஏற்றுக்கொள்ள யாரும் தடுக்கப் போவதில்லை. சம்பளத்தோடு வார விடுமுறை என்று முதல் நாளே பேசிவிடுங்கள். மணிக்கணக்கில் ஆள் அனுப்பும் ஆப்களும் இப்போது உண்டு, இடையில் ஒரு நாள் சமாளிக்க உதவும். ஆனால் ஒவ்வொரு முறையும் புது ஆளுக்கு எந்தத் துணி எதற்கு என்று முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

மாப்பில் ஸ்பின் மாப்பைவிட தட்டையான மைக்ரோஃபைபர் மாப்தான் என் கட்சி. ஸ்பின் மாப் அதே அழுக்குத் தண்ணீரில் மறுபடி மறுபடி முங்கும், பக்கெட்டையும் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். தட்டை மாப்புக்கு நாலைந்து துணிகள் வைத்துக்கொண்டு அறைக்கு ஒன்றாக மாற்றிக் கடைசியில் வாஷிங் மெஷினில் போட்டால் முடிந்தது. துணியை மென்மையாக்கும் திரவம் மட்டும் வேண்டாம், மைக்ரோஃபைபரின் உறிஞ்சும் தன்மை போய்விடும்.

அப்புறம் தண்ணீர். சிக்கனமாக இருக்கட்டும் என்று ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரைப் பிடித்துத் தரை துடைக்கிறோம், 2024 கோடையில் போர்வெல்கள் வற்றியதைப் பார்த்தவர்கள் இன்னும் கவனமாகச் சேமிக்கிறோம். நல்ல பழக்கம்தான், ஆனால் வடிகட்டிய உப்பெல்லாம் அந்தத் தண்ணீரில்தான் வருகிறது, கறுப்பு கிரானைட்டிலும் அடர் நிற டைல்ஸிலும் வெள்ளைப் படலம் விடும். அதை டாய்லெட்டில் ஊற்றப் பயன்படுத்துங்கள், தரைக்குக் காவிரித் தண்ணீர் வந்தால் அது.

என் முடிவு இது. சின்ன ஃபிளாட், ஒருவர் அல்லது இருவர் என்றால் தட்டை மாப் போதும், ரோபோவுக்காகத் தரையை ஒழிக்கும் நேரத்தில் துடைத்தே முடித்துவிடலாம். குழந்தையோ வயதானவர்களோ இருக்கும் வீட்டுக்கு ஆள்தான், வேறு யோசனையே வேண்டாம். நாயோ பூனையோ வளர்த்து, தரையும் காலியாக இருந்தால் ரோபோவுக்குக் கொடுக்கும் பணம் வீணாகாது, ஆனாலும் வாரம் ஒருமுறை கையால் துடைக்க வேண்டும்.

பாத்ரூமில் இந்த மூன்று பேருமே தோற்றுவிடுகிறார்கள். குடிநீரில் கடினத்தன்மை, அதாவது கரைந்திருக்கும் கால்சியம், மக்னீசியம் உப்பு, லிட்டருக்கு 200 மி.கி.க்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 600 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். போர்வெல்லையும் டேங்கரையும் நம்பும் வீட்டுக் குழாய்களில் படியும் வெள்ளைக் கறை அந்தக் கால்சியமும் மக்னீசியமும்தான். குளித்து முடித்ததும் வைப்பரால் சுவரையும் தரையையும் இழுத்துவிட்டால் தண்ணீர் அங்கேயே காய்ந்து உப்பாகப் படியாது, வாராவாரம் தேய்க்கும் வேலை பாதி குறையும். படிந்துவிட்ட கறைக்கு சிட்ரிக் அமிலத்தைக் கரைத்துத் தெளித்து, கொஞ்ச நேரம் ஊறவிட்டுக் கழுவினால் போதும். டாய்லெட் கிளீனர்களில் பலவும் ஹைட்ரோகுளோரிக் அமிலம், அது குழாயின் பளபளப்பையே அரித்துவிடும். பிளீச்சோடு எந்த அமிலத்தையும் கலக்கவே கூடாது, குளோரின் வாயு வரும். மார்பிள், கடப்பா, மொசைக் தரை உள்ளவர்கள் வினிகர், எலுமிச்சை உட்பட எந்தப் புளிப்பையும் கல்லின் மேல் விடாதீர்கள், கறையைப் போலவே அந்தக் கல்லில் இருப்பதும் கால்சியம் கார்பனேட்தான், கறையோடு சேர்ந்து கல்லும் கரையும். அங்கே மென்மையான சோப்புத் தண்ணீரும் காய்ந்த துணியும் மட்டும்.