சவ்வாரா, கொனேத்ரா?

பிரெஞ்சு படிக்கத் தொடங்கும் தமிழருக்கு இந்தக் குழப்பம் கட்டாயம் வரும். சவ்வார் (savoir), கொனேத்ர் (connaître) என்ற இரண்டு வினைச்சொற்களுமே நமக்கு 'தெரியும்'தான்.

பின்னால் என்ன வரும்?
சவ்வார்: வினைச்சொல்லோ முழு வாக்கியமோ வரலாம். 'ஜெ சே நஜே', எனக்கு நீச்சல் தெரியும். 'ஜெ சே ஊ இல் அபித்', அவன் எங்கே குடியிருக்கிறான் என்று தெரியும்.
கொனேத்ர்: பெயர்ச்சொல் மட்டும். ஆள், ஊர், உணவகம். 'ஜெ கொனே பாரி', எனக்குப் பாரிஸ் பழக்கம்.

பாட்டு, கவிதை என்றால் இரண்டும் வரும், பொருள்தான் மாறும். ஒரு கவிதைக்குச் சவ்வார் போட்டால் மனப்பாடமாகத் தெரியும், சொல்லச் சொன்னால் ஒப்பிப்பேன் என்று அர்த்தம். கொனேத்ர் போட்டால் கேள்விப்பட்டிருக்கிறேன், படித்திருக்கிறேன், அவ்வளவுதான். மாற்றிச் சொல்லிவிட்டு மாட்டிக்கொள்ளாதீர்கள்!

இறந்தகாலத்தில்?
சவ்வார்: 'ஜே சூ' என்றால் பெரும்பாலும் 'தெரியவந்தது'.
கொனேத்ர்: ஓர் ஆளைப் பற்றி 'ஜே கொனூ' என்றால் 'அறிமுகமானார்'.

எது சுலபம்? கொனேத்ர்தான். சவ்வார் எதிர்காலத்தில் 'சோரே', ஏவலில் 'சாஷே' என்று அடையாளமே தெரியாமல் மாறிவிடும். கொனேத்ரில் எழுதும்போது 'இ' மேல் வரும் தொப்பிக்குறி ஒன்றுதான் தொல்லை. 1990 எழுத்துச் சீர்திருத்தப்படி அதையும் விட்டுவிடலாம்.

சரி, பேசும்போது எதை எடுப்பது? தமிழில் 'தெரியும்' என்ற இடத்தில் 'பழக்கம்' என்று போட்டுப் பாருங்கள். பொருந்தினால் கொனேத்ர். இடறினால் சவ்வார்.